ரிசல்ட்டைச் சொல்லாமல் படுத்திருந்த நாட்கள்

இருமல் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாங்காய் சீசன் அது. சித்தூர் பைபாஸில் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு கொண்டுவரும் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். எங்கள் வேலைக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். இந்த நேரம் பார்த்து உடம்பு மக்கர் பண்ணுகிறதே என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்தேன். எதற்கும் அசையாமல் சாயங்காலமானால் காய்ச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் இடது விலாவில் சுருக்கென்றது. வாயுப்பிடிப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என்ன வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் தெலுங்கு. பெங்களூரில் கட்டடங்கள் மளமளவென்று எழும்பிய காலத்தில் கட்டினவன் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். கொஞ்ச காலம் பணம் வந்தது, அப்புறம் வெறும் சேதி வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. பெண்ணைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு நான் திருப்பதி லாட்ஜ் ஒன்றில் பெருக்கித் துடைக்கப் போனேன். அங்கிருந்து தொழிலுக்கு வந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். எய்ட்ஸ் வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று வெளியாட்கள் வந்து சொன்னால் எங்கள் பெண்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூடத் தொழில் செய்கிறவள் சொன்னால் திட்டுவார்கள், கிண்டல் பண்ணுவார்கள், குறுக்குக் கேள்வி கேட்பார்கள், கடைசியில் காதில் வாங்குவார்கள். அதனால் எங்களிலிருந்தே சிலரைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ் தெரு, லாரி நிற்கும் இடம் என்று சுற்றுவேன். நிரோத் உறை கொடுப்பேன், மரக்கட்டையில் மாட்டிக் காட்டுவேன், பேச்சுக் கொடுப்பேன், ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஆட்டோக்காரர்கள் எனக்கு நிரோத் அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். என் சொந்தப் பேர் வசந்தா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் கோபம் வந்தது, பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

பரிசோதனை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பயிற்சியில் யாரும் சொல்லித் தந்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் ஒருமுறை நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதலில் உள்ளே போனவள் ரிசல்ட் கேட்டுவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தாள். தனக்கு ஒன்றும் இல்லை என்று வராந்தாவிலேயே எல்லோரையும் கட்டிக்கொண்டாள். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள், அதற்கடுத்தவளும் சொன்னாள். கடைசியாக வந்த கௌரி மட்டும் ஊசி குத்தின இடம் வலிக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பூக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் வீட்டுக்காரம்மா அவள் பாத்திரங்களைத் தெருவில் எடுத்து வைத்தாள். கௌரி எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து வாய் திறப்பதில்லை. இருக்கிறது என்று வந்தவளும் சொல்லக் கூடாது, முக்கியமாக இல்லை என்று வந்தவள் சொல்லவே கூடாது. இல்லாதவள் வாய் திறந்தால் மூடியிருக்கிற வாயெல்லாம் மாட்டிக்கொள்ளும். கவுன்சிலர் அறையிலிருந்து வரும்போது போன முகத்தோடேயே வர வேண்டும். நேரே எதிர்க்கடைக்குப் போய் எல்லோரும் பஜ்ஜி தின்ன வேண்டும். வீட்டில் நம்பிக்கையான ஒருத்தரிடம் தனியாகச் சொல்லிக்கொள்வது அவரவர் இஷ்டம். நான்கு பேர் காதில் விழும்படி சொல்வது மட்டும் கிடையாது. இதை எத்தனையோ பேரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என்னிடமே யாராவது வந்து கேட்பார்கள் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

சித்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தேன். கண்டக்டர் சோடா வாங்கி முகத்தில் தெளித்தார். திருப்பதியில் கூட வேலை செய்யும் சரோஜா ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எத்தனையோ பேரை நடத்திக்கொண்டு போன அதே வராந்தா. இப்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். சீட்டு எழுதும் வரிசை, டாக்டர் வரிசை, எக்ஸ்ரே வரிசை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மொட்டையடித்த ஒரு கிழவர், மலைக்கு வந்த இடத்தில் காலை ஒடித்துக்கொண்டவர், எனக்குத் தன் லட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக இரண்டு தோல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் கோத்துக்கொண்டது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கம் கறுப்பாக இருந்தது, அது நல்ல பக்கமாம். இன்னொரு பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக மூடிக் கிடந்தது. அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தால்தான் எதனால் வந்தது என்று தெரியும் என்றார்.

தண்ணீர் எடுத்தது மறக்காது. கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்காரச் சொன்னார்கள். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு பெரிய ஊசி. இருமக் கூடாது என்றார் டாக்டர். இருமக் கூடாது என்று சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு இருமலைத் தவிர வேறு நினைப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நர்ஸின் கையை நசுக்கினேன். காய்ந்த வைக்கோல் நிறத்தில் தண்ணீர் பாட்டிலில் இறங்கியது. இவ்வளவையும் எனக்குள் வைத்துக்கொண்டா லாரிக்கு லாரி ஏறி இறங்கினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டி.பி. என்று முடிவானது. நுரையீரலுக்கு வெளியே வருகிற வகை. சளியில் கிருமி இல்லை, அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு லேசில் ஒட்டாது என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை, ஒரு வேளையும் விடக் கூடாது. மாத்திரை தின்ற அன்று சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரி போகும், பயப்படாதே என்று முன்னாடியே சொன்னார்கள். சொல்லியிருந்தும் முதல் நாள் பயந்துதான் போனேன். தண்ணீர் திரும்பச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும், உடம்பிலும் தெம்பில்லை என்று பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள்.

டி.பி. வந்தவர்களை எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். எச்.ஐ.வி. உடம்பின் காவலை மெல்ல மெல்லக் குறைத்துவிடும், காவல் குறைந்த வீட்டில் முதலில் நுழைவது பெரும்பாலும் டி.பி.தான். இதை நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து கவுன்சிலர் மேடம் சொன்னார். சின்ன வயசுப் பெண், என்னோடு நல்ல பழக்கம். எனக்குத் தெரிந்த விஷயங்களை ஒன்றுவிடாமல் முதலிலிருந்து சொன்னார். தொற்று ஏறிய புதிதில் மூன்று மாதம் வரைக்கும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் இல்லை என்று வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். ரிசல்ட் என்னவாக இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. நான் சொல்லாமல் இங்கிருந்து யாருக்கும் போகாது. எல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தைகள்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மேடம் மேஜைக்கு அடியில் தன் காலை என் கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

ரிசல்ட்டையும் அந்த அறையிலேயே அவர் வாயால் கேட்டேன். கேட்டுவிட்டு, போன முகத்தோடு வார்டுக்குத் திரும்பினேன்.

அது வரைக்கும் வார்டில் நான் வெறும் நோயாளி. இருமினால் யாராவது சுடுதண்ணீர் தருவார்கள், நானும் பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த ஆட்டோக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, நிரோத் அக்கா, நீ இங்கயா கீறே என்று கேட்டுவிட்டான். பாவம், பாசமாகத்தான் கேட்டான். அவன் படியிறங்குவதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த நோய்க்கான வேலை செய்கிறவள், ஆளும் இளைத்துக் கிடக்கிறாள், டி.பி. என்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சுடுதண்ணீர் நின்றது. பக்கத்துக் கட்டில் பிள்ளையை அதன் அம்மா அந்தப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்து ஒட்டுவது எப்படி, ஒட்டாதது எப்படி என்று ஒரு வகுப்பு எடுத்திருப்பேன், மூச்சு இல்லை.

என் எதிர்க்கட்டிலில் ரெட்டெம்மா என்று ஒரு பெண். பலமநேரிலிருந்து வந்திருந்தாள், கல்யாணமாகி அதிகநாள் ஆகவில்லை. புருஷன் தக்காளி லாரி ஓட்டுகிறவன், கோயம்பேட்டுக்கும் அங்கிருந்து இன்னும் தூரத்துக்கும் போகிறவன். அவளுக்கும் விடாத காய்ச்சல். அவளையும் கவுன்சிலர் அறைக்கு அனுப்பினார்கள். அவளுக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

அவள் மாமியார் கூடவே இருந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று காலையிலிருந்து தொணதொணத்துக்கொண்டே இருந்தாள். மருமகள் ஏதோ ஒன்று சொல்லிவிட்டால் பரவாயில்லை என்ற நிலைக்கு வார்டே வந்துவிட்டது. ரெட்டெம்மா போர்வையை விலக்கி என் பக்கம் கையைக் காட்டினாள். அந்த அக்காவும் யாருக்கும் சொல்லவில்லை, இங்கே யாருமே சொல்லக் கூடாது, அதுதான் ஆஸ்பத்திரி வழக்கம் என்று தெலுங்கில் ஒரு போடு போட்டாள். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தை அவள் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டாள்.

மாமியார் டீ வாங்கப் போன நேரத்தில் ரெட்டெம்மா என் கட்டிலுக்கு வந்தாள். என் கால்மாட்டில் உட்கார்ந்து, "மீரு செப்பொத்து அக்கா," என்றாள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டாள். சரி என்றேன். அவள் என் போர்வையின் ஓரத்தை நேராக்கிவிட்டுப் போனாள்.

தம்பி மணி ஒருநாள் விட்டு ஒருநாள் ஊரிலிருந்து வந்தான். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறி வருவான். கண் சிவந்திருக்கும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். தம்பி மனைவி தேவகி கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தூக்குப் பாத்திரத்தில் கொடுத்து அனுப்புவாள். எனக்குப் பிடித்தது அது என்று அவளுக்குத் தெரியும். சாப்பாடு உள்ளே போகாத அந்த நாட்களில் அந்தக் களி மட்டும்தான் இறங்கியது. என் துணியையெல்லாம் மணியே பின்பக்கக் குழாயில் துவைத்துக் காயப்போடுவான். பொம்பளைத் துணியை இவன் துவைக்கிறானே என்று பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். இந்த ஒரு காரியத்துக்காகவே அவன் பண்ணிய மற்றதெல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆட்டோக்காரன் வந்துபோன பிறகு ஊருக்கும் பேச்சு போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை, இந்த மாதிரிப் பேச்சுக்கு பஸ் டிக்கெட் தேவையில்லை. அடுத்த தடவை மணி வந்தபோது தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போகவில்லை. "அது இங்கயே இருக்கட்டும்கா," என்றான். அப்புறம் வந்ததெல்லாம் பிளாஸ்டிக் பையில் வந்தது. என் கட்டிலுக்கு அடியில் அந்தத் தூக்கு தனியாக உட்கார்ந்திருந்தது. களியின் ருசியில் ஒரு குறையும் இல்லை. தேவகிக்கு என்மேல் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டையும் ஒரே கையால் பிசைந்து அனுப்பினாள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்சார்ஜ் பேச்சு வந்தது. வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போகலாம், மாத்திரையைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். தம்பி வீட்டுக்குப் போக வேண்டும், என் பெண் பவானிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கிறாள். அவளை விட்டுவிட்டு வந்த இத்தனை வருஷத்தில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பினதைத் தவிர அவளோடு சேர்ந்தாற்போல் நான் இருந்ததே இல்லை. நோய் வந்ததில் இந்த ஒரு லாபமாவது கிடைக்கட்டும் என்று படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நடக்கத் தெம்பு வந்ததும் அவளுக்குத் தலை பின்னிவிடலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மணி தேவகியின் நிபந்தனையைச் சொன்னான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, தெருவே பேசுகிறது. அண்ணி தன் வாயால் அந்த நோய் இல்லை என்று சொல்லட்டும், நாளைக்கே ஆட்டோ வைத்துக் கூட்டிவரலாம். இருந்தால் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எனக்கு டி.பி., அதற்கு மாத்திரை தின்றுகொண்டிருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். எங்கள் கட்டுப்பாட்டைச் சொன்னேன். கௌரியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் ஏறவில்லை. எச்.ஐ.வி. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அதெல்லாம் தெரியும் என்றான். தெரியும்தான். நான்தான் முன்பே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிவதும் பயப்படுவதும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பதை அந்த வேலையில் நான் பலதடவை பார்த்தவள்தான், என் வீட்டில் பார்ப்பதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அவன் குரலை உயர்த்தவில்லை, ஆனால் வார்டு அமைதியாகிவிட்டது. எதிர்க்கட்டிலில் மாமியார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். ரெட்டெம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. இல்லன்னு சொல்லிடு," என்றான் மணி. "பொய்யா இருந்தாக்கூட பரவால்ல. நான் கேட்டுக்கினு போய் சொல்லிடறேன். நீ ஊட்டுக்கு வந்துடலாம்."

இந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு உண்மை வேண்டாம், நான் வந்தால் போதும். எனக்கும் வேண்டியது அதுதான். வாயைத் திறந்து மூன்றெழுத்து சொன்னால் நாளைக்குச் சாயங்காலம் பவானியோடு இருப்பேன். நான் சொன்ன மறு நிமிஷம் அந்தக் கிழவி மருமகளைத் திருப்பிப் போட்டு, அவளே சொல்லிவிட்டாள், இப்போது நீ சொல் என்பாள். அந்தப் பெண்ணிடம் பதில் இருக்கிறதோ இல்லையோ, ஒளிந்துகொள்ள வேறு இடம் இல்லை.

"சொல்ல மாட்டேன் மணி," என்றேன். "நீ போ. பஸ்ஸு போய்டும்."

அவன் எழுந்தான். காயப்போட்டிருந்த என் புடவையை எடுத்து வந்து மடித்துத் தலைமாட்டில் வைத்தான். அதைச் செய்துவிட்டுத்தான் போனான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். விலா வலித்தது. கொள்கைக்காக அழுதேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போக முடியவில்லையே என்றுதான் அழுதேன். அந்த நேரத்தில் ரெட்டெம்மாமேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது.

சில நாளில் அவள் எனக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிப் போனாள். புருஷன் லாரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். மாமியார் பின்னாலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனாள். அவள் போன பிறகு நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் கட்டிலுக்கு மறுநாளே வேறொருத்தி வந்துவிட்டாள். அவளும் அந்த அறைக்குப் போய்விட்டு வந்தாள். வார்டு என்றால் அப்படித்தான்.

நான் திருப்பதியில் சரோஜாவின் அறைக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, மூன்று பேர். படியேறி மாடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவேன். மாத்திரை தின்றால் வாந்தி, மூட்டு மூட்டாக வலி. சரோஜா மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும் வரைக்கும் போலீஸ்காரன் மாதிரி நிற்பாள். அவளுக்கும் என் ரிசல்ட் தெரியாது. தட்டை மட்டும் அவள் பிரித்து வைக்கவில்லை. என் மிச்சத்தில் சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, உனக்குத் துன்ன வராததால எனக்குத்தான் தொப்பை போடுது என்று என்னையே திட்டுவாள்.

நடக்க முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்று, பவானியை அங்கே வரச்சொல்லி மணிக்குச் சேதி அனுப்பியிருந்தேன். வந்தாள். ஒரு முழம் வளர்ந்திருந்தாள், முகத்தில் சிரிப்பில்லை. பழக்கடைக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வாங்கிக் கொடுத்த கொய்யாப்பழத்தைக் கடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றாள். அத்தை தினமும் கேட்கிறாள் என்றாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் அத்தை கொல்லையிலேயே குளிக்கச் சொல்வாள் என்றும் சொன்னாள். நான் அவளுக்கு நோயைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி வரும், எப்படி வராது, வந்தால் என்ன மருந்து என்று ஊருக்கெல்லாம் சொன்னதை முதல் தடவையாக என் பெண்ணுக்குச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்.

"உனுக்கு கீதா இல்லியாமா?"

இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சொல்லலாம். எங்கள் கட்டுப்பாட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் சொல்லிவிட்டால் அவள் அதைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எந்தப் பதிலாக இருந்தாலும், தினமும் கேட்கிற அத்தைக்கு முன்னால் நிற்க வேண்டியது இவள். இல்லை என்றால் அதைச் சொல்லாமல் இருக்க இந்த வயசில் முடியுமா? இருக்கிறது என்றால் மறைத்துக்கொண்டு அங்கே சோறு இறங்குமா? சரோஜாவிடம் மூடிய வாயை இவளிடம் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாகிட்ட அதை மட்டும் கேட்காதே என்றேன்.

"உனக்கு அவுங்கதான் முக்கியம்," என்றாள். என் கூட வேலை செய்கிறவர்களைச் சொல்கிறாள் என்று புரிந்தது. பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் போனாள். கொய்யாப்பழம் பெஞ்சிலேயே இருந்தது. திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தக் கட்டுப்பாட்டை யாருக்காக வைத்தோம், யார் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று யோசித்தேன். அன்று ராத்திரி மாத்திரை வேண்டாம் என்று சரோஜாவிடம் சண்டை போட்டேன். அவள் என் மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தாள்.

நான்கைந்து நாள் கழித்துக் கீழே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து போன் என்று கூப்பிட்டான். பவானிக்கு என்னவோ என்று படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மணிதான் பேசினான். தறிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, தறி ஓட்டுகிற இடத்திலிருந்தே பேசினான்.

முந்தின நாள் சாயங்காலம் தேவகி தெருப் பெண்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு, உங்கம்மா என்னதான் சொன்னாள் என்று பவானியைக் கேட்டிருக்கிறாள். பவானி நின்று, அம்மா எனக்கு எல்லாம் சொல்லிடுச்சு, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். தேவகி மிரட்டிப் பார்த்திருக்கிறாள், கொஞ்சிப் பார்த்திருக்கிறாள். பவானி தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டுத் தின்றாளாம்.

"இவ்ளோ நாள் தம்பின்னு உன் துணிய தோய்ச்சேன், எங்கிட்ட சொல்லல," என்றான் மணி. குரலில் கோபமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. "பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிக்கீறே. சரி, அவளுக்காச்சும் தெரிஞ்சிதே. ஞாயித்திக்கெழம ஊட்டுக்கே வா. தேவகிகிட்ட நான் பேசிக்கிறேன்."

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூத்துக்காரன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். நான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.